கொலுசு போட்ட கால் பிடிக்கும் என்றால் ஆளுமைக் கோளாறா?

கேள்வி, சுருக்கமாக: "எனக்கு 31 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து பெண்களின் பாதம், அதிலும் கொலுசு போட்ட பாதம்தான் எனக்குக் கிளர்ச்சி தருகிறது. மனைவியாக வருபவள் என்னை அதட்டி வேலை வாங்குவது மாதிரியும் கற்பனை வரும். யாரிடமும் தப்பாக நடந்ததில்லை. தை மாதம் கல்யாணம். நெட்டில் ஒரு டெஸ்ட் எடுத்ததில் 'பர்சனாலிட்டி டிஸார்டர் இருக்கலாம்' என்று வந்தது. நர்ஸிங் படித்த நண்பனும் அதையேதான் சொல்கிறான். கல்யாணத்தை நிறுத்திவிடலாமா?"

கல்யாணத்தை நிறுத்த இது ஒரு காரணமே இல்லை தம்பி. ஆளை நேரில் பார்க்காமல், நாலு வரியை வைத்துக்கொண்டு ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று யாரும் சீட்டு எழுத முடியாது. ஆனால் இந்த ஆசையை வைத்தே கோளாறு என்று உங்கள் நண்பர் சொல்வது செல்லாது என்று சொல்ல உங்களை நேரில் பார்க்க வேண்டியதில்லை. சேலத்தில் பல வருஷமாக மனநல ஆலோசனை செய்கிறவன் நான். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகுதான் வருவார்கள்.

ஆளுமைக் கோளாறு, அதாவது பர்சனாலிட்டி டிஸார்டர், என்று ஒருவருக்கு எழுதுவதற்கு முன் டாக்டர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஒரு மனிதர் தன்னை எப்படி நினைக்கிறார், மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார் என்ற இரண்டைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலான ஐசிடி-11, இதில் உள்ள சிக்கல் இரண்டு வருஷம்போல நீண்ட காலம் தொடர்ந்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டில், வேலையில், நட்பில் என்று பல இடங்களிலும் அது தலைகாட்ட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு இதையே வேறு விதமாக, 10 வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

அந்தப் பத்தையும் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பாலுறவு பற்றிய பேச்சு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் பாரனாய்டு வகையில், துணை தனக்குத் துரோகம் செய்கிறார் என்று ஆதாரமில்லாமல் நினைப்பது ஓர் அறிகுறி. ஒட்டாமல் தனித்தே வாழும் ஸ்கிசாய்டு வகையில், இன்னொருவரோடு உறவு கொள்வதில் நாட்டமே இல்லாதது ஓர் அறிகுறி. மனநிலையும் உறவும் நிலையில்லாமல் ஆடும் பார்டர்லைன் வகையில் முன்பின் யோசிக்காமல் காரியத்தில் இறங்குவதற்கு உதாரணமாகக் கண்மூடித்தனமான செலவு, போதை, தாறுமாறாக வண்டி ஓட்டுவது, அளவில்லாமல் சாப்பிடுவது ஆகியவற்றோடு பாலுறவையும் சேர்த்திருக்கிறார்கள். எல்லோர் கவனமும் தன் மேலேயே இருக்க வேண்டும் என்று தவிக்கும் ஹிஸ்ட்ரியானிக் வகையில், இடம் பொருள் பாராமல் மயக்கும் விதமாக நடந்துகொள்வது வருகிறது. இத்தனையும் நடத்தையைப் பற்றியது, உறவைப் பற்றியது. 'உனக்கு எதைப் பார்த்தால் கிளர்ச்சி வருகிறது?' என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

அப்படியானால் நண்பர் ஏன் அப்படிச் சொன்னார்? அவர் புளுகவில்லை. அவர் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பல வருஷமாகப் புழங்கிய ஐசிடி-10 பட்டியலில் எஃப்60 முதல் எஃப்69 வரை ஒரே பிரிவு. தலைப்பு 'வளர்ந்தவர்களின் ஆளுமை, நடத்தைக் கோளாறுகள்'. எஃப்60 என்ற எண்ணில் ஆளுமைக் கோளாறுகள். கொஞ்சம் தள்ளி எஃப்65-இல் 'பாலியல் விருப்பக் கோளாறுகள்'. அதற்குள்தான் ஃபெட்டிஷ், அதாவது ஒரு பொருளின் மேலோ உறுப்பின் மேலோ வரும் மோகம், வலி கொடுப்பதிலும் பெறுவதிலும் வரும் மோகம் எல்லாம் இருந்தன. பரீட்சைக்கு அவசரமாகப் படித்த ஒருவர் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ரேஷன் கடையில் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ஒரே இடத்தில் தருகிறார்கள் என்பதற்காக இரண்டையும் டம்ளரில் கலக்குவோமா?

அமெரிக்கக் கையேட்டின் கதை இன்னும் மோசம். 1952-இல் வந்த முதல் பதிப்பு, பாலியல் 'பிறழ்வு' எல்லாவற்றையும் சமூகத்துக்கு விரோதமான ஆளுமை என்ற தலைப்புக்குக் கீழேயே அடைத்தது. ஒருபால் ஈர்ப்பும் அதில் அடக்கம். அதாவது கொலுசை ரசிக்கிறவரும் ஆணை நேசிக்கும் ஆணும், அன்றைய கணக்கில், கூசாமல் ஊரை ஏமாற்றுகிற ஆளோடு ஒரே வரிசை. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் ஆளுமைக் கோளாறுகளோடு ஒரே பிரிவில்தான் இருந்தது. ஒருபால் ஈர்ப்பை 1973-இல் நோய் இல்லை என்று அந்தச் சங்கம் விலக்கியது. 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பாலியல் விஷயங்களுக்குத் தனி இடம் கிடைத்தது. 2013-இல் டிஎஸ்எம்-5 ஒரு படி மேலே போய், வழக்கத்துக்கு மாறான ஆசை வேறு, அது சம்பந்தமான கோளாறு வேறு என்று தெளிவாகக் கோடு போட்டது. முன்னதற்குப் பாராஃபிலியா என்று பெயர். அது இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. அந்த ஆசையால் அவர் கடுமையாகத் தவிக்க வேண்டும், அல்லது அன்றாட வாழ்க்கை முடங்க வேண்டும், அல்லது மற்றவருக்குத் தீங்கோ தீங்கு வரும் அபாயமோ இருக்க வேண்டும். அப்போதுதான் கோளாறு என்ற பேச்சு வரும்.

ஐசிடி-11 இதைவிடத் தாராளம். 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் ஃபெட்டிஷ் தனி நோயாக இல்லவே இல்லை. சம்மதத்தோடு நடக்கும் அடி, கட்டு, அதட்டல் வகையறாவையும் எடுத்துவிட்டார்கள். டென்மார்க் 1995-லேயே தன் நாட்டுப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது, ஸ்வீடன் 2009-இல், நார்வே 2010-இல். மிச்சம் வைத்திருப்பவை பெரும்பாலும் எதிரில் உள்ளவர் சம்மதிக்காதவை, சம்மதிக்க முடியாதவை: ஒளிந்து பார்ப்பது, உடலைக் காட்டுவது, கூட்டத்தில் உரசுவது, குழந்தைகள் மேல் வரும் ஈர்ப்பு, இஷ்டமில்லாதவரைத் துன்புறுத்தி இன்பம் காண்பது.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து முளைத்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1886-இல் கிராஃப்ட்-எபிங் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் இந்த ஆசைகளையெல்லாம் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அவரிடம் வந்தவர்கள் யார்? கோர்ட் அனுப்பிய குற்றவாளிகள், மனநோய் விடுதியில் இருந்தவர்கள், வேறு வழியில்லாமல் தேடி வந்தவர்கள். வீட்டில் நிம்மதியாக மனைவியின் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தவர் எதற்கு அவரிடம் போகப் போகிறார்? சிறையில் எண்ணிவிட்டு ஊரைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

ஊரில் எண்ணியவர்களுக்கு வேறு படம் கிடைத்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1,040 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் அச்சில் வந்தது. 'வழக்கத்துக்கு மாறானவை' என்று கையேடு சொல்லும் ஆசைகளில் ஏதாவது ஒன்றிலாவது நாட்டம் உண்டு என்றவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்தும் பார்த்திருக்கிறார். பாதி ஊருக்கு இருப்பதை எந்த அர்த்தத்தில் வழக்கத்துக்கு மாறானது என்பது என்று அந்த ஆய்வாளர்களுக்கே கேள்வி வந்தது. ஆஸ்திரேலியாவில் 19,307 பேரிடம் எடுத்த கணக்கை 2008-இல் வெளியிட்டார்கள். அதில் கட்டு, அதட்டல் வகையில் ஈடுபட்டவர்கள் மற்றவர்களைவிட மனக்கலக்கமோ வருத்தமோ அதிகம் உள்ளவர்களாக இல்லை. சிறு வயதில் பலாத்காரத்துக்கு ஆளானதால்தான் இப்படி ஆனார்கள் என்று ஊரில் சொல்வதற்கும் அந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2013-இல் வந்தது. கட்டு, அதட்டல் வகை உறவில் உள்ள 902 பேரையும், இல்லாத 434 பேரையும் ஆளுமைக்கான கேள்வித்தாள்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தார் பதற்றம் குறைந்தவர்களாக, கலகலப்பு அதிகம் உள்ளவர்களாக, ஒருவர் தன்னை ஒதுக்கிவிடுவாரோ என்ற பயம் குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில் இறக்கம்: இணங்கிப் போகும் குணம் கொஞ்சம் கம்மி. இதைக் காட்டி 'நாங்கள்தான் உங்களைவிட ஆரோக்கியமானவர்கள்' என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள், தங்கள் ஆசையோடு ஏற்கெனவே சமாதானமாகிவிட்டவர்கள். உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறவர் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க மாட்டார். ஆனால் 'இந்த ஆசை இருந்தாலே ஆளுமை கோணல்' என்ற வாதத்தை உடைக்க இந்த ஆய்வு போதும்.

இடையில் ஒரு பழைய கதை. காமசூத்திரத்தில் நகக்குறி, பற்குறி, அடி எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கிய வாத்ஸ்யாயனர், அடி பற்றிய இடத்தில் நம் பக்கத்து ராஜா ஒருவரை இழுக்கிறார். சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை உறவின்போது 'கீலா' என்ற முரட்டு அடியால் கொன்றேவிட்டான் என்கிறார். எதற்குச் சொல்கிறார்? ஆசைப்பட்டவன் பைத்தியம் என்று சொல்ல அல்ல, ஆபத்தானதைச் செய்யாதே என்று சொல்ல. ஆளின் குணத்தை விட்டுவிட்டு விளைவைப் பார்த்திருக்கிறார். 2013-இல் அமெரிக்கர்கள் வந்து சேர்ந்த இடம் இதற்கு அவ்வளவு தூரமில்லை. இன்றைக்கும் கழுத்தை நெரிக்கும் விளையாட்டு மாதிரி சில விஷயங்களில் நான் இதையேதான் சொல்வேன். இருவரும் சம்மதித்தாலும் மூளைக்கு ரத்தம் போவது நின்றால் நின்றதுதான். பத்திரமாக நெரிப்பது என்று ஒன்று கிடையாது.

சரி, எப்போது இது கவலைப்பட வேண்டிய விஷயம்? உங்கள் ஊரையே, உங்கள் தொழிலையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மனைவி கொலுசோடு நடப்பதைப் பார்த்து மகிழ்வது உங்கள் வீட்டு விஷயம். கடைவீதியில் கொலுசு போட்டுப் பார்க்கும் பெண்ணின் பாதத்தை அவருக்குத் தெரியாமல் செல்போனில் படம் பிடிப்பது வேறு. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸின் நெரிசலில் வேண்டுமென்றே கால் மேல் கால் வைப்பது வேறு. அந்த இடத்தில் இன்னொரு மனுஷி சம்மதமில்லாமல் உள்ளே இழுக்கப்படுகிறாள். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். குழந்தைகள் என்றால் 2012-இன் போக்சோ சட்டம். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகள் மேல் ஈர்ப்பு இருக்கிறது, இதுவரை எதுவும் செய்யவில்லை என்று பயப்படுகிறவர் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளோடு தனியாக இருக்கும் சூழ்நிலைகளை அதுவரை தவிர்த்துவிடுங்கள். அடக்கி வைக்க உதவும் மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன.

இங்கேயும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். குற்றம், பாலியல் கோளாறு, ஆளுமைக் கோளாறு மூன்றும் தனித்தனி. பஸ்ஸில் உரசுகிறவர் குற்றம் செய்கிறார். அவருக்கு அந்தக் கோளாறு இருக்கலாம், வெறும் திமிராகவும் இருக்கலாம். ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்பது இவை இரண்டையும் தாண்டித் தனியாகப் பார்க்க வேண்டிய கேள்வி.

பாலியல் கோளாறும் ஆளுமைக் கோளாறும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கவே இருக்காதா? இருக்கும். பலாத்காரக் குற்றங்களில் சிறைக்குப் போனவர்களில், பிறர் துன்பத்தில் இன்பம் காண்பதும், குற்ற உணர்வே இல்லாத ஈரமற்ற ஆளுமையும் ஒன்றாகக் காணப்படும் ஒரு சிறு கூட்டம் உண்டு. தனக்கு எல்லாம் உரிமை என்று நினைக்கும் நார்சிஸிஸக் குணத்துக்கும் துணையைக் கட்டாயப்படுத்துவதற்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அங்கேயும் ஆபத்தைக் கொண்டுவருவது 'இல்லை' என்ற பதில் காதில் விழாத குணம்தான்.

இதற்கு ஒரு உதாரணம், அடையாளம் எல்லாம் மாற்றிச் சொல்கிறேன். ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் மேற்பார்வை வேலை பார்ப்பவர். அவர் மனைவி என்னிடம் வந்தபோது, "இவருக்கு வினோதமான ஆசை இருக்குதுங்க, அதனாலதான் வீட்டில் நிம்மதி இல்லை" என்றார். என்ன ஆசை என்று கேட்டால், மனைவி ஒரு குறிப்பிட்ட நிறத்தில் உடுத்த வேண்டும், கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதைவிடச் சாதாரணமானது கிடையாது. ஆனால் பேசப் பேச வேறு விஷயங்கள் வந்தன. மனைவி மாட்டேன் என்றால் இரண்டு நாள் பேச மாட்டார். மனைவியின் போனைத் தினமும் எடுத்துப் பார்ப்பார். சேலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மலையிலிருந்து இறங்குவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். எஸ்டேட்டில் எந்தத் தொழிலாளியோடும் ஒத்துப்போனதில்லை, அண்ணன் தம்பி யாரோடும் பேச்சு இல்லை, தப்பு எப்போதும் மற்றவர்கள் மேல்தான். இது வயசுப் பையனாக இருந்த காலத்திலிருந்து தொடர்கிறது. இந்த மனிதரின் ஆளுமையைப் பற்றிக் கவலைப்பட எனக்கு ஏகப்பட்ட காரணம் இருந்தது. அந்தக் கண் கட்டு அதில் ஒன்று இல்லை. படுக்கையறையில் அவரிடம் விளக்கை அணைக்கும் ஆசை தவிர வேறு ஆசையே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த அம்மாவுக்கு நிம்மதி கிடைத்திருக்காது.

உங்களைப் பார்க்க வருகிற டாக்டர் புத்திசாலி என்றால் கொலுசைப் பற்றி ஐந்து நிமிஷம் கேட்பார். மீதி நேரம் முழுக்கப் பட்டறையில் வேலை செய்கிறவர்களோடு எப்படி, கடன் கொடுத்தவர் சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள், நட்பு எத்தனை வருஷம் நிற்கிறது, கோபம் வந்தால் கையை அறுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டா, தப்பு செய்தால் வருத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் ஒருவரிடமும் விசாரிப்பார். நெட்டில் எடுத்த டெஸ்ட் இதில் எதையும் செய்வதில்லை. 'உங்களுக்கு விசித்திரமான எண்ணங்கள் வருமா?' என்று கேட்கும். வெட்கத்தோடு இருக்கும் மனிதர் 'ஆமாம், அடிக்கடி' என்று அமுக்குவார். மார்க் ஏறிவிடும்.

ஆளுமைக் கோளாறு என்று தப்பாக எண்ணப்படும் வேறு சில நிலைகளும் உண்டு. அவற்றை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் சிகிச்சை இருந்தும் தவறிவிடுகிறது.

ஒன்று ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து துரத்தும் நோய். கோயிலில் நிற்கும்போதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் அசிங்கமான காட்சி மனத்தில் வந்து மோதும். வந்தவருக்குக் கிளர்ச்சி வராது, குமட்டல் வரும். 'நான் இவ்வளவு கேவலமானவனா?' என்று திரும்பத் திரும்பத் தன்னையே சோதிப்பார், சாமியிடம் மன்னிப்புக் கேட்பார், குழந்தையைத் தொடுவதையே நிறுத்திவிடுவார். இது ஆசை இல்லை, ஆளுமையும் இல்லை. செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தின் மேல் வேலை செய்யும் மாத்திரைகளும் பயத்தைத் தப்பிக்காமல் எதிர்கொள்ளும் பயிற்சியும் நன்றாகவே வேலை செய்யும் நோய். பத்து வருஷம் யாரிடமும் சொல்லாமல் தூக்கில் தொங்கலாமா என்று யோசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று திடீர் மாற்றம். நாற்பது, ஐம்பது வயது வரை இல்லாத ஆசை சில மாதங்களில் புதிதாகக் கிளம்பி, கூச்சமும் போய்விட்டது என்றால் மூளையைப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத காமத்தையும் சூதாட்ட வெறியையும் கொண்டுவரும். டோஸைக் குறைத்தால் அடங்கும், ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனநிலை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறும் பைபோலார் நோயின் உச்சக் கட்டத்தில் தூக்கமே இல்லாமல், கையில் காசு நிற்காமல், அதோடு காமமும் ஏறும். முன்மூளை சுருங்கும் ஒரு வகை மறதி நோயிலும் இப்படி வரும். 2003-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்த ஒருவர் 40 வயது ஆசிரியர். முன்பு இல்லாத குழந்தைகள் மீதான மோகம் திடீரென வந்து சட்டச் சிக்கலில் மாட்டினார். நெற்றிக்குப் பின்னால் பெரிய கட்டி. எடுத்ததும் அந்த நாட்டம் மறைந்தது, கட்டி திரும்ப வளர்ந்தபோது நாட்டமும் திரும்பியது. உங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே மாதிரி இருக்கும் ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து வெட்கம். நீங்கள் தவிக்கிறீர்கள், அது நிஜம். தவிப்பு இருந்தால் கோளாறு என்று கையேடு சொல்கிறதே என்று கேட்பீர்கள். ஐசிடி-11 இதை யோசித்தே எழுதியிருக்கிறது. ஊர் ஒதுக்கிவிடும், ஒதுக்கிவிடுமோ என்ற பயத்தால் மட்டும் வரும் தவிப்பு கணக்கில் வராது. 'எனக்குக் காம வெறி அதிகம்' என்று வருகிறவர்களுக்கும் அதே விதிதான்: ஒழுக்கக் கண்ணோட்டத்தில் தப்பு என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அதை நோய் என்று எழுதக் கூடாது. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்கம், பண்பாடு, மதம் ஆகியவற்றுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்கள் இந்த வித்தியாசத்துக்காகக் கொடுத்த விலை அதிகம். ஆசையை அழிப்பதாகச் சொல்லி மேல்நாடுகளில் ஒரு காலத்தில் ஷாக்கும் வாந்தி மருந்தும் கொடுத்தார்கள். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கி வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதற்குத் தடை போட்டார். அந்த வழக்குக்காக அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டதையும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அப்படிச் செய்யும் மருத்துவரை விதி மீறியவராகவே அறிவித்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், உங்களைப் போலத் தவிக்கிறவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. லாட்ஜில் ரூம் போட்டு, சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இளமையில் செய்த தவறுகளுக்கு ஒரு மண்டலம் லேகியம் தருகிறவர்கள். விந்து போனால் உயிர் போகும் என்ற பயத்தை வைத்தே காலம் ஓட்டுகிறவர்கள். பாத மோகத்துக்கும் சூரணம் உண்டு என்பார்கள். பணத்தைப் பட்டறையில் போடுங்கள்.

இனி அந்தப் பெண். என் சொந்த அபிப்பிராயம், மற்ற ஆலோசகர்கள் மாறுபடலாம். பாவமன்னிப்புக் கேட்பது மாதிரி உட்காரவைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். நீங்கள் எந்தக் குரலில் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் அவர் பயப்படுவார். "உன் காலில் கொலுசு இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் சேலத்தில் சொன்னால் எந்தப் பெண்ணும் மயங்கி விழப் போவதில்லை. அதட்டல் கற்பனையைப் பழகிய பிறகு, சிரித்துப் பேசும் நிலை வந்த பிறகு மெதுவாகச் சொல்லலாம். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட வேண்டும். முகம் தூக்கக் கூடாது, இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டு அரிக்கக் கூடாது. அவருக்கும் ஏதாவது ஆசை இருக்கும். அதைக் கேட்டீர்களா என்பதும் கேள்விதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே உங்களுக்குள் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதமோ கொலுசோ நினைவில் இல்லாமல், ஒரு பெண்ணின் நெருக்கத்தில் உங்களுக்குக் கிளர்ச்சி வருகிறதா? வந்தால் இந்த ஆசை உங்கள் கல்யாணத்தில் ஒரு ருசி மட்டும். கொஞ்சம்கூட வராது என்றால், அது இல்லாமல் எதுவுமே நடக்காது என்றால், அந்தப் பெண்ணுக்கு அது கல்யாணத்துக்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். தெரியாமல் வந்தால் 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்று வருஷக்கணக்கில் தன்னையே நொந்துகொள்வார். அந்த நிலை என்றால் தை பிறப்பதற்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரையோ பாலியல் ஆலோசகரையோ பார்த்துவிடுங்கள். படிப்படியாகக் கிளர்ச்சியின் எல்லையை விரிக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. ஆசையை அழிப்பது அவற்றின் நோக்கமில்லை.

போவதற்கு இடம் தேடி அலைய வேண்டாம். சேலம் ஜிஹெச்சில், அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போடும் இடத்தில் காரணம் கேட்டால் 'தூக்கம் சரியில்லை' என்று சொன்னால் போதும், மீதியை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். நான் மேலே சொன்ன 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது. யாருக்காவது ஆபத்து, கோர்ட் உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. டாக்டர் முழுக்கக் கேட்காமல் 'கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்' என்று சொன்னால் அடுத்த டாக்டரைப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவருமாகச் சேர்ந்து போவதானாலும் போகலாம், ஆனால் அது அந்தப் பெண்ணும் சரி என்று சொன்ன பிறகு.